காற்றின் கூரை: வளிமண்டல எல்லைப்படையின் உயரமும் அதனை அளக்கும் தொலையுணர் கருவிகளும்

1. பிரச்சினை

ஒரு நகரத்தின் காற்று மூச்சுக்கு ஒவ்வாததாகிவிடும்போது அதற்கான காரணத்தை வினவுவோர்க்கு இருவகை விடைகள் கிடைப்பதுண்டு. புகைபோக்கிகளும் வாகனங்களும் அடுப்புகளும் உமிழும் புகையே காரணம் என்பது ஒன்று. காற்று அசையாது நின்றமையும், மேலெழ வேண்டிய புகை மேலெழாது தடைப்பட்டமையுமே காரணம் என்பது மற்றொன்று. பௌதிகவியல் நோக்கில் இவ்விரண்டும் உண்மையே. ஆயின், எவ்விடையை எவர், எச்சந்தர்ப்பத்தில் முன்வைக்கின்றனர் என்பது பௌதிகவியலுக்குள் மட்டும் அடங்கும் விடயமன்று. இரண்டாவது விடைக்கு அடிப்படையாக அமைவது ‘வளிமண்டல எல்லைப்படையின் உயரம்’ எனப்படும் ஓர் அளவு ஆகும். அவ்வளவு யாது, அது எவ்வாறு பெறப்படுகின்றது, எத்துணை நம்பத்தக்கது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியத் துறை சார்ந்த நாம் இவ்விடயத்திற் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஞாயிற்றின் இயக்கத்தையும் காற்று வீசும் திசையையும் ஆதாரமின்றி நிற்கும் வானத்தையும் நேரிற் சென்று அளந்து வந்தவர்களைப்போல் இன்ன அளவினவென்று கூறுவோரும் உளர் எனப் புறநானூற்றின் 30ஆம் பாடலிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகின்றார். செல்லாமலே அளத்தல் என்பது அன்று வியப்புக்குரிய ஒரு கூற்றாகவிருந்தது. இன்று அது ஒரு தொழில்நுட்பமாகி, ஒரு நகரத்து மக்கள் எந்நாளில் வீட்டினுள் அடங்கியிருக்கவேண்டும், எத்தொழிற்சாலை எவ்வளவு உயரத்திற் புகைபோக்கி அமைக்கவேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பதிலே பங்குகொள்கின்றது. அத்தகைய ஓர் அளவை நிபுணரிடம் மட்டும் விட்டுவிடுதல் முறையன்று என்பதே எமது எண்ணம்.

2. எல்லைப்படை எனப்படுவது

பூமியின் மேற்பரப்போடு நேரடித் தொடர்புகொண்டு, அம்மேற்பரப்பின் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், உராய்வு ஆகியவற்றின் தாக்கத்தை ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் உணரும் வளிமண்டலத்தின் அடிப்பகுதியே எல்லைப்படை எனப்படும். ஈண்டுப் ‘படை’ என்பது, ஓசோன் படை என்பதிற்போல, அடுக்கு என்னும் பொருளில் வந்தது. சேனை என்னும் பொருளிலன்று. பாய்பொருளொன்று திண்பொருளைத் தழுவி ஓடும்போது உராய்வின் விளைவு மெல்லியதோர் அடுக்கினுள் அடங்கிவிடுகின்றது என்ற கருத்தை 1904ஆம் ஆண்டு ஹைடல்பேர்க் நகரில் நடைபெற்ற கணிதவியலாளர் மாநாட்டில் லூட்விக் பிராண்டில் முன்வைத்தார். வளிமண்டலத்தில் இக்கருத்துக்கு அனுபவ அடிப்படை தேடியவர்களுள் முக்கியமானவர் ஜி. ஐ. டெய்லர். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதன் பின்னர், பனிப்பாறைகளைக் கண்காணிக்கும் பொருட்டு 1913இல் வட அத்திலாந்திக்கிற்கு அனுப்பப்பட்ட ‘ஸ்கொற்றியா’ என்னும் கப்பலிலிருந்து அவர் பட்டங்களைப் பறக்கவிட்டு, கடலின் குளிர்ச்சி காற்றினுள் எவ்வளவு உயரம்வரை ஊடுருவுகின்றது என்பதை அளந்தார்.

எல்லைப்படையின் உயரம் நிலையானதன்று. நாள்தோறும் வளர்ந்து நாள்தோறும் வீழ்வது. சூரியன் உதித்த பின்னர் நிலம் சூடேறுகின்றது. நிலத்தை அடுத்த காற்று வெப்பமடைந்து மேலெழுகின்றது. இம்மேற்காவுகையினால் உண்டாகும் கொந்தளிப்பு, கீழுள்ள புகையையும் ஈரத்தையும் மேலே கொண்டுசென்று கலக்கின்றது. பிற்பகலில் இக்கலப்புப்படை ஒன்று அல்லது இரண்டு கிலோமீற்றர் உயரத்தை எட்டும். வறண்ட பாலைநிலங்களில் நான்கு கிலோமீற்றரையும் தாண்டும். அதன் உச்சியிலே, உயரத்தோடு வெப்பநிலை குறைவதற்குப் பதிலாகக் கூடும் ஒரு மெல்லிய பகுதி காணப்படும். இதனையே வெப்பநிலை நேர்மாறல் என்பர். கீழிருந்து எழும் காற்று இங்கே தன்னைச் சூழ்ந்த காற்றினும் குளிர்ந்ததாகிவிடுவதால் மேலும் எழமாட்டாது. கட்டுரைத் தலைப்பிற் கூரை என நாம் குறித்தது இதனையே.

சூரியன் மறைந்ததும் நிலைமை மாறுகின்றது. நிலம் வெப்பத்தைக் கதிர்த்துக் குளிர்கின்றது. நிலத்திலிருந்தே நேர்மாறல் தொடங்குகின்றது. காற்றோட்டம் குறைந்த தெளிந்த இரவுகளில் எல்லைப்படை நூறு மீற்றருக்கும் குறைவாகச் சுருங்கிவிடுதல் உண்டு. பகலிலே மேலே கலந்துவிட்ட புகை அதற்குமேல் எச்சப்படையாக மிதந்துகொண்டிருக்கும். மறுநாட் காலையில் அது மீண்டும் கீழிறங்கிக் கலக்கும்.

இதன் விளைவை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு நகரம் ஒரு மணி நேரத்தில் உமிழும் புகையை 1,500 மீற்றர் உயரமான பெட்டியொன்றினுள் நிரப்புவதாகக் கொள்வோம். அதே புகை, அதே காற்று வேகத்தில், 150 மீற்றர் உயரமான பெட்டியினுள் அடைபடுமாயின் அதன் செறிவு பத்து மடங்காகும். புகையின் அளவு சிறிதும் கூடவில்லை. கூரை மட்டுமே தாழ்ந்தது. எல்லைப்படையின் உயரத்தையும் அதனுள் வீசும் காற்றின் சராசரி வேகத்தையும் பெருக்கிப் பெறும் தொகை காற்றோட்டச் சுட்டி எனப்படும். டெல்லி நகருக்கான காற்றுத்தர முன்னறிவிப்புகளில், இச்சுட்டி செக்கனுக்கு 6,000 சதுர மீற்றரிலும் குறைந்து, காற்றின் வேகமும் மணிக்குப் பத்துக் கிலோமீற்றரிலும் குறையுமாயின், மாசு கலைவதற்குச் சாதகமற்ற நிலை எனக் கொள்ளப்படுகின்றது.

3. பலூனும் கிறீனிச் நேரமும்

இவ்வுயரத்தை அறியும் பழைய முறை கருவியை நேரே மேலனுப்புவதாகும். முதலிற் பட்டங்களும் பின்னர்ப் பலூன்களும் இதற்குப் பயன்பட்டன. வெப்பநிலை, அமுக்கம், ஈரப்பதன் ஆகியவற்றை அளந்து வானொலி மூலம் தரைக்கு அறிவிக்கும் பலூன் கருவிகளை 1929இல் பிரான்சில் றொபேட் பியூறோவும், 1930 ஜனவரியில் சோவியத் நாட்டில் பாவெல் மொல்சானொவும் பறக்கவிட்டனர். இன்றும் ஏனைய முறைகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக விளங்குவது இதுவே.

பலூன் தரும் தரவிலிருந்து உயரத்தைப் பெறுவதற்கு இருவழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. தரையிலுள்ள ஒரு காற்றுத்துணுக்கு வெப்பத்தை இழவாமல் எழுமாயின் எவ்வுயரத்திற் சுற்றுக்காற்றுடன் சமநிலை அடையும் எனக் கணிப்பது ஒன்று. 1960களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நகரங்களுக்குக் கலப்புயரம் கணித்த ஹோல்ஸ்வேர்த் இதனைப் பயன்படுத்தினார். காற்றை எழவொட்டாது தடுக்கும் மிதப்பு விசைக்கும், காற்றைக் கலக்கும் வேக வேறுபாட்டுக்கும் இடையிலான விகிதத்தை நோக்குவது மற்றொன்று. இவ்விகிதம் றிச்சட்சன் எண் எனப்படும். அது கால் பங்கு அளவினதாகிய ஓர் எல்லையை மீறும் உயரத்திற் கொந்தளிப்பு அடங்கிவிடுகின்றது எனக் கொள்வர். இவ்வெண்ணுக்குப் பெயர்தந்த லூயிஸ் பிறை றிச்சட்சன், பிரித்தானிய வானிலை நிலையம் 1920இல் விமானப்படை அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டபோது, போருக்கு உடன்படாத தமது கொள்கை காரணமாகப் பதவி துறந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

பலூன் முறையின் பெருங்குறை அதன் நேரம் ஆகும். உலகெங்கும் பலூன்கள் பொதுவாக நாளொன்றுக்கு இருமுறை, கிறீனிச் நேரப்படி நள்ளிரவிலும் நண்பகலிலும், ஒரே வேளையில் அனுப்பப்படுகின்றன. உலகு முழுவதற்குமான வானிலைப் படத்தை வரைவதற்கு இவ்வொழுங்கு இன்றியமையாதது. ஆயின், மேற்கு ஐரோப்பாவில் நண்பகற் பலூன் கலப்புப்படை வளர்ந்துவரும் வேளையில் அதனுட் புகுகின்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் அதே பலூனுக்குரிய நேரம் மாலை 5.30 ஆகும். அப்பொழுது சூரியன் சாய்ந்து, பகற்படை குலையத் தொடங்கிவிடுகின்றது. மற்றைய பலூனுக்குரிய நேரமோ அதிகாலை 5.30. ஆகவே, எமது பிரதேசத்தில் எல்லைப்படை தன் உச்சத்தை அடையும் பிற்பகல் வேளை இவ்விரு அவதானங்களுக்கும் நடுவே நழுவிவிடுகின்றது. எவரும் தீங்கெண்ணிச் செய்த ஏற்பாடன்று இது. எனினும், நேரத்தின் தொடக்கப்புள்ளி எங்கு அமைந்தது என்ற வரலாறு, எந்நாட்டின் வானம் எவ்வேளையில் அளக்கப்படும் என்பதையும் தீர்மானித்துவிட்டது. இவ்விடைவெளியை நிரப்புவதற்கே, தரையிலிருந்தபடி இடையறாது நோக்கும் தொலையுணர் கருவிகள் வேண்டப்பட்டன.

4. ஒலியால் அளத்தல்

தெளிந்த காற்றும் ஒலியை எதிரொலிக்கும் என்பதை ஜோன் ரிண்டல் 1873ஆம் ஆண்டளவிலேயே அவதானித்தார். மூடுபனியிற் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழல்களை இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிற் பரிசோதித்தபோது, பொருளெதுவும் இல்லாத கடல்வெளியிலிருந்து எதிரொலி வந்ததை அவர் கேட்டார். இவ்வவதானம் கருவியாக உருப்பெற ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. 1968இல் மக்கலிஸ்ரர் என்பவர் தென் அவுஸ்திரேலியாவிலிருந்த ஆயுத ஆராய்ச்சி நிலையமொன்றில் நிகழ்த்திய பரிசோதனைகள் சோடார் எனப்படும் ஒலிக்கருவிக்கு வழிவகுத்தன.

சோடார் வானை நோக்கிக் குறுகிய ஒலித்துடிப்பொன்றை அனுப்புகின்றது. வெப்பநிலை சீரற்றுக் கலங்கியுள்ள இடங்களில் ஒலியின் மிகச்சிறு பங்கு சிதறித் திரும்புகின்றது. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதால், ஒரு செக்கனின் பின்னர் வரும் எதிரொலி 170 மீற்றர் உயரத்திலிருந்து வந்ததாகும். செக்கனுக்கு 1,700 அதிர்வு கொண்ட ஒலியின் அலைநீளம் 20 சதமமீற்றர். அதனைத் திருப்பியனுப்புவன பத்துச் சதமமீற்றர் அளவிலான வெப்பக் கலக்கங்கள். இவ்வெதிரொலிகளை நேரத்துக்கும் உயரத்துக்கும் ஏற்பப் பதியும்போது, பகலில் நிலத்திலிருந்து எழும் வெப்பக்காற்று நிரை நிரையான தூண்களாகவும், இரவு நேர்மாறல் நிலத்தை ஒட்டிய கரிய பட்டையாகவும் தோன்றும். டெல்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடம் இக்கருவியைக் கொண்டு நீண்டகாலமாக ஆய்வு நடத்திவந்துள்ளது.

இரவின் தாழ்ந்த கூரையைக் காண்பதற்குச் சோடார் மிகவும் ஏற்றது. ஆயின், அது எட்டும் உயரம் பெரும்பாலும் ஒரு கிலோமீற்றருக்குள் அடங்கும். ஆகவே பகற்கலப்பின் உச்சி அதன் பார்வைக்கு அப்பாற் சென்றுவிடும். மழை, பலத்த காற்று, வீதியிரைச்சல் என்பன அதனைக் குழப்பும். அதன் ஓசையும் அயலாரைக் குழப்பும். மாசு மிகுந்த நகர நடுவிலேயே இக்கருவியை நிறுவுதல் கடினமாகிவிடுவது ஒரு முரண்பாடு.

5. வானொலி அலையால் அளத்தல்

றேடார் இரண்டாம் உலகப்போரிலே பகை விமானங்களைக் காண வளர்க்கப்பட்ட கருவி. தெளிந்த காற்றிலிருந்து வரும் நலிந்த எதிரொலிகளைக் கொண்டு காற்றின் வேகத்தை உயரவாரியாக அளக்கும் காற்று றேடார்கள் பின்னர் உருவாயின. எல்லைப்படைக்கென அமைந்த சிறிய வகை, செக்கனுக்குச் சுமார் 100 கோடி அதிர்வுகளை அண்டிய அலைகளைப் பயன்படுத்துகின்றது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது விருத்தி செய்யப்பட்டது. கலப்புப்படையின் உச்சியிலே கீழுள்ள ஈரக்காற்றும் மேலுள்ள உலர்ந்த காற்றும் மோதிக் கலக்கின்றன. அங்கே அலைமுறிவுக் குணகம் பெரிதும் ஏறியிறங்குகின்றது. எதிரொலியும் அங்கேயே வலுப்பெறுகின்றது. அவ்வுச்சத்தையே உயரமெனக் கொள்வர்.

சோடார் எங்கு வலிதோ அங்கு இது நலிந்தது. அதன் முதல் அளவு தரையிலிருந்து நூறு மீற்றருக்கும் மேலேயே தொடங்குவதால், இரவின் தாழ்ந்த படை முற்றாக மறைந்துவிடும். பறவைக் கூட்டமும் மழைத்துளியும் பொய்யெதிரொலி தருவதுண்டு. ஒலியும் வானொலியும் இணைந்த முறையொன்றும் உளது: மேலெழும் ஒலியலையை றேடார் பின்தொடர்ந்து அதன் வேகத்தை அளக்கின்றது, ஒலியின் வேகம் வெப்பநிலையைச் சார்ந்ததாகையால், உயரவாரியான வெப்பநிலை கிடைத்துவிடுகின்றது. இவற்றைவிட, தானெதனையும் அனுப்பாமல், காற்றிலுள்ள ஒட்சிசனும் நீராவியும் இயல்பாக வெளிவிடும் நுண்ணலைகளைக் கேட்டு வெப்பநிலையைக் கணிக்கும் கதிர்ப்புமானிகளும் வழக்கிலுள்ளன. அவை இடையறாது இயங்கவல்லன. ஆயின் உயரம் கூடக்கூட அவற்றின் பார்வை மங்கிவிடும்.

6. ஒளியால் அளத்தல்

1960இல் மைமன் லேசரை இயக்கிக் காட்டினார். 1963இல் பியோக்கோவும் சமலினும் லேசர் ஒளியைக் கொண்டு உயர்வளிமண்டலத்திலிருந்து எதிரொளி பெற்றனர். லிடார் எனப்படும் இக்கருவியின் தத்துவம் சோடாரினதை ஒத்ததே: ஒளித்துடிப்பொன்று அனுப்பப்படுகின்றது, ஒரு மைக்குரோசெக்கனில் திரும்பும் ஒளி 150 மீற்றர் உயரத்திலிருந்து வந்தது. ஒளியைத் திருப்புவன காற்றில் தொங்கும் நுண்டுணிக்கைகள். எல்லைப்படையினுள் அவை மிகுந்தும், அதற்குமேற் குறைந்தும் காணப்படுவதால், எதிரொளி திடீரெனக் குன்றும் உயரமே கூரையெனக் கொள்ளப்படுகின்றது.

விமான நிலையங்களில் முகிலின் அடியுயரத்தை அளப்பதற்கென நிறுவப்பட்ட சிறிய லேசர்க் கருவிகளும் இப்பணிக்கு உதவும் என்பது கண்டறியப்பட்டபின் இம்முறை மிகவும் பரவலாயிற்று. ஐரோப்பிய வானிலைச் சேவைகள் இத்தகைய கருவிகள் பலநூற்றை ஒரே வலையாக இணைத்துள்ளன. துணிக்கைகளின் செறிவையன்றி அவற்றின் மேல்கீழ் அசைவையே அளந்து, கொந்தளிப்பு எவ்வுயரத்தில் அடங்குகின்றது எனக் காட்டும் டொப்ளர் லிடார்களும் உண்டு. 1994 செப்ரெம்பரில் விண்ணோடமொன்றிலிருந்து லிடார் பரீட்சிக்கப்பட்டது. 2006 முதல் 2023 வரை கலிப்சோ செய்மதி, பூமியின் மேலிருந்து துணிக்கைகளின் உயரத்தை அளந்தது. 2024 மே மாதத்தில் ஏவப்பட்ட ஏர்த்கெயார் செய்மதியும் லிடாரைச் சுமந்து செல்கின்றது.

லிடாரின் குறை அதன் சாட்சியத்தின் இயல்பிலேயே உளது. இரவிற் கொந்தளிப்பு அடங்கிய பின்னரும், முந்தைய பகலின் புகை எச்சப்படையில் மிதந்துகொண்டிருக்கின்றது. லிடார் அப்புகையின் மேல்விளிம்பைக் கண்டு, கூரை இன்னும் ஒன்றரைக் கிலோமீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கூறிவிடலாம். உண்மையிலோ அது நூறு மீற்றருக்கு இறங்கியிருக்கும். மேலும், கருவிக்கு மிக அண்மையிலுள்ள பகுதியில் லேசர்க் கற்றையும் தொலைநோக்கியின் பார்வையும் பொருந்தாமையால், பல கருவிகளுக்கு அடியிலுள்ள சில நூறு மீற்றர் தெளிவாகத் தெரிவதில்லை.

7. எது உயரம்?

மேற்கூறியவற்றிலிருந்து ஓர் உண்மை பெறப்படும். பலூன் வெப்பநிலையைக் காண்கின்றது. சோடார் வெப்பக் கலக்கத்தைக் காண்கின்றது. றேடார் ஈரத்தின் ஏற்றத்தாழ்வைக் காண்கின்றது. லிடார் துணிக்கையைக் காண்கின்றது. எக்கருவியும் உயரத்தைக் காண்பதில்லை. ஒவ்வொன்றும் தான் கண்டதிலிருந்து உயரத்தை உய்த்துணர்கின்றது. தெளிந்த பிற்பகலில், மேற்காவுகை நன்கு வளர்ந்த வேளையில், இவையனைத்தும் பெரிதும் உடன்படும். காலையிலும் மாலையிலும் இரவிலும் அவை பலநூறு மீற்றர் வேறுபடும். இவ்வேறுபாட்டைக் கருவிகளின் பிழை என மட்டும் கொள்ளுதல் தவறாகும். எல்லைப்படை ஒரு பொருளன்று. அது ஓர் இயக்கம். சூடேற்றத்துக்கும் குளிர்ச்சிக்கும், கலக்கத்துக்கும் தடைக்கும் இடையிலான மோதலின் தற்காலிக விளைவையே நாம் ஒரு கோடாக வரைந்து உயரமென்கின்றோம்.

எனவே உயரமொன்று கூறப்படுமிடத்து, எக்கருவியால், எந்நேரத்தில், எவ்வரைவிலக்கணப்படி என மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். மாசு மிகக் கொடிதாவது காற்றடங்கிய குளிரிரவுகளிலும் அதிகாலைகளிலுமே. கருவிகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் அவ்வேளைகளிலேயே. அளவு மிகவும் வேண்டப்படும் இடத்தில் அளவு மிகவும் நலிந்திருக்கின்றது.

8. உயரமும் பொறுப்பும்

1948 ஒக்ரோபர் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள டொனோறா என்னும் ஆற்றுப்பள்ளத்தாக்கு நகரிலே, நேர்மாறலின்கீழ் அடைபட்ட நாகத் தொழிற்சாலைப் புகையால் 20 பேர் மாண்டனர். ஆலையை நடத்திய நிறுவனம் அதனைக் கடவுளின் செயல் என வாதிட்டது. 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டனை மூடிய புகைப்பனிக்கு ஏறத்தாழ 4,000 பேர் பலியானதாக அன்று கணிக்கப்பட்டது. அடுத்துவந்த மாதங்களின் மிகை மரணங்களை அரசாங்க அறிக்கை சளிக்காய்ச்சலின் கணக்கிற் சேர்த்தது. 2001இல் வெளிவந்த மீளாய்வு, மொத்த மரணங்கள் 12,000 வரை இருக்கலாமெனக் காட்டிற்று. அந்நாட்களில் நேர்மாறல் இலண்டனுக்குமேல் மிகத் தாழ்ந்திருந்தது உண்மை. நல்ல நிலக்கரி அந்நியச் செலாவணிக்காக ஏற்றுமதியாக, தூளும் சிறுகட்டியுமான மலிவு நிலக்கரி அம்மாதம் முதலாம் திகதி முதல் பங்கீட்டுக் கட்டுப்பாடின்றி வீட்டடுப்புகளுக்கு விற்கப்பட்டதும் உண்மை. கூரையைத் தாழ்த்தியது வானிலை. அதன்கீழே என்ன எரிக்கப்பட்டது என்பதைத் தீர்மானித்தது வானிலையன்று. 1956இன் தூய காற்றுச் சட்டம் நேர்மாறலைத் தடைசெய்யவில்லை, புகையையே கட்டுப்படுத்தியது.

போபாலில் 1984 டிசெம்பர் 2ஆம் திகதி நள்ளிரவையொட்டிச் சுமார் 40 தொன் நச்சுவாயு கசிந்தபோதும், காற்றடங்கிய குளிரிரவின் தாழ்ந்த படை அதனை நிலத்தோடு நிலமாக, ஆலைக்கு எதிரேயிருந்த குடிசைகளின்மேற் பரப்பிற்று. உடனடியாக மாண்டோரின் உத்தியோகபூர்வ எண்ணிக்கை 2,259. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலிலே, மான்செஸ்ரரின் மேல்வர்க்கத்தினர் காற்றோட்டமுள்ள மேட்டுநிலங்களிற் குடியிருந்ததைப் பதிவுசெய்துள்ளார். கூரை எல்லோர்க்கும் பொதுவாயினும், அதன்கீழ் எவர் எங்கு வாழ்கின்றனர் என்பது பொதுவன்று.

இவ்வளவின் பிறிதொரு பயன்பாடும் நோக்கற்பாலது. கூரையின் உயரம் தெரிந்ததும், அதற்குமேலே புகையைச் செலுத்தும் புகைபோக்கிகளைக் கட்டலாம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. கனடாவின் சட்பரியில் 1972இல் இயங்கத் தொடங்கிய நிக்கல் ஆலைப் புகைபோக்கியின் உயரம் 381 மீற்றர். அயலிலுள்ள காற்று சீரடைந்தது. கந்தகவீரொட்சைட்டோ தொலைதூரம் சென்று வீழ்ந்தது. பிரித்தானியாவின் உயர்ந்த புகைபோக்கிகளிலிருந்து சென்ற கந்தகம் ஸ்கண்டினேவிய ஏரிகளை அமிலமாக்குவதிற் பங்குகொண்டது. எல்லை கடந்த காற்று மாசு பற்றிய ஜெனீவா உடன்படிக்கை 1979இல் உருவானது இப்பின்னணியிலேயே. 1977இல் அமெரிக்கச் சட்டம், புகைபோக்கியை மிகையாக உயர்த்திக் கணக்கிற் சலுகை பெறுவதற்கு வரம்பிட்டது. புகையைக் குறைப்பதற்காகப் பெறப்பட்ட அறிவு, புகையை அயலவர்மேற் செலுத்துவதற்கும் பயன்படக்கூடியது என்பதற்கு இது சான்று.

9. முடிவுரை

இவற்றால் இவ்வளவீடு வேண்டாததென்றோ, கருவிகள் ஒரு வர்க்கத்தின் கைப்பொம்மைகளென்றோ நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. அவை இல்லாதவிடத்து, நாளைய காற்று எத்தகையதென முன்னறிவிக்கவும் இயலாது. மாசுக்கு வானிலை எவ்வளவு, ஆலை எவ்வளவு பொறுப்பு எனப் பிரித்தறியவும் இயலாது. உண்மையில், வானிலையைச் சாட்டித் தப்பிக்கொள்வோரை மறுப்பதற்கும் இவ்வளவே வேண்டும். கூரை தாழ்ந்திருந்த இரு நாட்களில், ஒன்றிற் காற்று தூயதாகவும் மற்றொன்றில் நஞ்சாகவும் இருந்ததென உயரத்தோடு சேர்த்துக் காட்டமுடியுமாயின், வேறுபாடு கீழே எரிக்கப்பட்டதில் உள்ளதென்பது நிறுவப்பட்டுவிடும்.

ஆகவே செய்யவேண்டியன சில தெளிவாகின்றன. மலைகள் சூழ்ந்து கிண்ணம்போல் அமைந்த கண்டி போன்ற நகரங்களிலும், ஆலைகளை அண்டிய குடியிருப்புகளிலும் இடையறாத அவதானம் வேண்டும். விமான நிலையத்தின் முகிலுக்கு மட்டும் கருவி போதாது. ஒரு கருவியை மட்டும் நம்பாது, இரவுக்கு ஒலியும் பகலுக்கு ஒளியுமாக இணைத்துப் பயன்படுத்தல் வேண்டும். பெறப்படும் தரவுகள், அவற்றின் ஐயப்பாடுகளுடன், பொதுமக்கள் விளங்கும் மொழியில் வெளியிடப்படல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரையின் உயரம் அறிவிக்கப்படும் ஒவ்வொரு நாளும், அதன்கீழே உமிழப்பட்ட புகையின் அளவும், உமிழ்ந்தவர் இன்னாரென்பதும் பக்கத்திலேயே அறிவிக்கப்படல் வேண்டும்.